கொம்பு தொலைந்த போர்டு

எங்கள் குடும்பத்தில் நிலத் தகராறு இல்லை, வரப்புத் தகராறு இல்லை, பேச்சுவார்த்தை அறுந்த சித்தப்பா என்று யாரும் இல்லை. இருந்த ஒரே சண்டை மாமாவுக்கும் எனக்கும்தான். லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்பதுதான் அதன் காரணம். சாம்பார் ஊற்றும்போது ஆரம்பிக்கும். மோருக்கு வரும்போது இரண்டு பேரும் களைத்திருப்போம். அக்கா எந்தப் பக்கமும் சேராமல் எங்கள் அப்பளத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவாள்.

அக்கா என்பவள் பெரியம்மா மகள். மாமா அவள் கணவர். அரியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறேன். சண்டையின் தன்மை புரிய இவ்வளவு தெரிந்தால் போதாது, இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. யாரோ எழுதி வைத்த துண்டுகளை வாங்கிச் சேர்த்துக்கொள்வோம். அவற்றை நூலகம் என்கிறோம். நூலகத்தைக் கொண்டுவந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பைத்தானுக்கென்றே இருக்கும் ஆளின் பெயர் பிப். கேட்டது கிடைக்கும், புத்தம் புதிதாகக் கிடைக்கும், பெரும்பாலும் தனக்கு வேண்டிய சாமான்களைத் தானே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடும். லினக்ஸ் இயங்குதளமே வைத்திருக்கும் ஆளின் பெயர் ஆப்ட். அது மெதுவாகத்தான் புதுசு தரும். ஆனால் கணினிக்குள் யார் யாரை நம்பி இருக்கிறார்கள், யார் போனால் யார் விழுவார்கள் என்ற கணக்கு முழுவதும் அதனிடம் இருக்கும். நான் பிப் கட்சி. மாமா ஆப்ட் கட்சி. ஆப்ட் தராத ஒரு பொருளை அவர் வீட்டுக் கணினியில் பார்த்தால், படுக்கை அறையில் செருப்பைப் பார்த்தவர் போல முகம் கோணும்.

இந்தச் சண்டை சாப்பாட்டுத் தட்டோடு முடிந்திருக்க வேண்டியது. அக்காவின் கடைக்குப் போனதுதான் வினை.

பாகூர் போகும் சாலையில் அக்கா சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். ஸ்பீக்கர் பெட்டி, குழாய் ஸ்பீக்கர், சீரியல் லைட், ஜெனரேட்டர், வாழைமரம் கட்டும் கயிறு வரை எல்லாம் உண்டு. முன்பு தொழிற்பேட்டையில் வேலை பார்த்தாள். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ், இருட்டியபின் திரும்பி வரும் பஸ். அதை விட்டுவிட்டுத்தான் கடை போட்டாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சின்னச் சின்னதாக வந்தது. அந்த வருஷம் அதுவும் குறைந்தது. சொந்த ஊர்த் திருவிழாவே அவளிடம் இல்லையே என்று பக்கத்து ஊர்க்காரர்கள் யோசித்தார்கள். திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு எப்போதும் வில்லியனூர்க்காரர் ஒருவர்தான் வருவார். காரணம், அவரிடம் எழுத்து ஓடும் எல்.ஈ.டி. போர்டு இருந்தது.

"இந்தத் தீமிதி கெடச்சா கட நிக்கும்," என்றாள் அக்கா. "இல்லன்னா ஷட்டர எறக்கிட்டு மறுபடியும் கம்பெனி பஸ்ஸுதான். அந்தப் பஸ்ல ஏறனா எனக்குத் தூக்கம் வருதுடி, எறங்கனா எழவு மாதிரி இருக்குதுடி."

விழாக்குழு கொஞ்சம் இறங்கி வந்தது. காப்புக் கட்டும் நாள் சாயந்திரம் கோயில் தெருவில் ஒரு பக்கம் வில்லியனூர்க்காரரின் போர்டு, மறுபக்கம் அக்காவின் போர்டு. எது நன்றாக இருக்கிறதோ அவருக்குத் திருவிழா முழுவதும்.

அக்கா போர்டு வாங்கிவிட்டாள். அதோடு வந்த செயலிக்குத் தமிழ் வராது. ஒவ்வொரு வரியையும் படமாக எடுத்து ஏற்ற வேண்டும். உபயதாரர் ஒருவர் கூடினால் மறுபடியும் படம். நான் ஒரு நிரல் எழுதித் தருகிறேன் என்றேன். தமிழில் தட்டினால் போதும், அதுவே எழுத்தைப் படமாக்கி ஓட்டிவிடும். அதற்கு டிபன் டப்பா அளவில் ஒரு லினக்ஸ் பெட்டி. பெட்டியைத் தயார் செய்தவர் மாமா. அதாவது ஒரே டப்பாவுக்குள் இரண்டு கட்சியும் வந்து சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து பிப் கட்டளையைத் தட்டினேன். பெட்டி மறுத்துவிட்டது. இந்த இடத்தை இயங்குதளம் நிர்வகிக்கிறது, நீ உள்ளே வரக் கூடாது என்று நீளமாகச் சிவப்பில் எழுதியது. மீறித்தான் ஆக வேண்டும் என்றால், கட்டளையோடு இன்ன சொல்லைச் சேர்த்துக்கொள் என்றும் சொன்னது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ். இன்னாடி அது?"

"சிஸ்டத்துல இருக்கறத ஒடைக்கறது."

"ஒடைச்சாதான் உன் வேல நடக்குமா?"

"அது சும்மா பேருக்குக்கா. ஒடையாது."

"ஒடையாதுன்னா எதுக்குடி ஒடைன்னு பேரு வெக்கறான்?"

ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த மாமா செய்தித்தாளை மடித்தார். "உன் தங்கச்சி மாதிரி ஆளுங்கள நெனச்சிதான் வெச்சிருக்கான். கையெழுத்து வாங்கிக்கினு ஆபரேசன் பண்ற மாதிரி." பிறகு என்னைப் பார்த்து, "சூடோ போட்டு ஆப்ட்ல தேடும்மா. எல்லாம் ஆப்டும்," என்றார். ஆப்டும் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் அகப்படும், கிடைக்கும்.

"எதுக்கு அதுக்கு சூடு போடறீங்க?" என்றாள் அக்கா. "புதுப் பெட்டி அது."

சூடோ என்பது பெட்டியின் சொந்தக்காரர் என்ற அதிகாரத்தில் கட்டளை இடுவது, சூட்டுக்கோல் இல்லை என்று விளக்கினேன். ஆப்ட்டில் தேடவும் தேடினேன். நான் கேட்ட நூலகம் இருந்தது. பழைய பதிப்பு. என் நிரலுக்கு வேண்டிய ஒரு வசதி அதில் இல்லை.

"ஆப்டுச்சா?"

"ஆப்டுச்சி மாமா. ஆனா பழசு."

"பழசுன்னா இன்னா, ஊசிப் பூட்டுதா? பழசுன்னா பழகினதுன்னு அர்த்தம்."

"உங்க கல்லூரியில அதத்தான் போஸ்டர் அடிச்சி ஒட்டி வெச்சிருக்கீங்களா?"

"ஒட்டி வெச்சதுதான். அதுவும் பழசுதான். இன்னும் கிழியல."

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. பெட்டிக்குள் என் நிரலுக்கு மட்டும் ஒரு தனி அறை கட்டிக்கொள்வது. பிப் கொண்டுவருவது எல்லாம் அந்த அறைக்குள் இருக்கும், வெளியே எதையும் தொடாது. எங்கள் தொழிலில் இது ஊரறிந்த வழக்கம். மாமா அதையும் விடவில்லை.

"தனிக்குடித்தனம் போறேன்ற."

"ஆமாம் மாமா."

"போ. தாராளமா போ. ஆனா கரன்ட்டும் தண்ணியும் எங்க வூட்டுதுதான்."

"தெரியும் மாமா."

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றே முழு வாசகத்தையும் ஓட்டிப் பார்த்தோம். வணக்கம் என்று ஆரம்பித்து பெண்கள் வரிசை, ஆண்கள் வரிசை, மேளதாளம், உபயதாரர்கள், இரவு வாணவேடிக்கை, கடைசியில் ஊர்ப் பெயர், அம்மன் பெயர் வரை. ஓர் எழுத்துப் பிசகவில்லை. அக்கா சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள். ஒரு பஸ் போய், ஒரு கரும்பு டிராக்டர் போய், அவள் மறுபடி தெரிந்தபோது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

காப்புக் கட்டும் நாள் மாமா லீவு போட்டார். காலையில் நான் கம்பெனி மீட்டிங்கில் இருந்த நேரம், அவர் கடையில் பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு வீடியோ பிளேயர் கிடந்தது. பெட்டி வந்த புதிதில், கல்யாணங்களில் போட்டோக்களை ஓட்ட உதவும் என்று அவரே ஆப்ட் வழியாகப் போட்டது. இனி எதற்கு என்று எடுத்துவிட்டார். எடுத்தால் அதோடு முடிந்துவிடாது. அந்தப் பிளேயரை நம்பி உள்ளே வந்த சின்னச் சின்ன நூலகங்கள் இப்போது யாருக்கும் தேவைப்படாமல் நிற்கும். அவற்றையும் ஒரேயடியாகப் பெருக்கித் தள்ள ஆப்ட்டில் ஒரு கட்டளை உண்டு. மாமாவுக்கு மிகவும் பிடித்த கட்டளை அது. அதையும் தட்டிவிட்டார்.

நான் வந்ததும் பெருமையாகக் காட்டினார். "எப்பிடி மூச்சு வுடுது பாரு. நெறைய எடம்."

இடம் நிறையத்தான் இருந்தது. நான் வேறு எதுவும் நினைக்கவில்லை. என் வழக்கப்படி மனதுக்குள் வரிசை போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கரன்ட், சரி. ஒயர், சரி. போர்டின் நாலு மூலையும் எரிகிறதா, சரி. எழுத்து வருகிறதா என்று பார்க்க ஒரு வார்த்தை தட்டினேன். நிரல் எழுதுகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் தட்டிப் பார்ப்பது ஒரு வணக்கத்தைத்தான். நானும் 'வணக்கம்' என்று தட்டினேன். போர்டில் 'வணக்கம்' ஓடியது. எழுத்து, சரி.

தமிழில் அதைவிடப் பண்பான சொல் இருக்காது. சோதனைக்கு அதைவிட உதவாத சொல்லும் இருக்காது. வ, ண, க், க, ம். எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு ஒன்று கூடக் கிடையாது அதில்.

சாயந்திரம் கோயில் தெரு நிறைந்திருந்தது. எதிர்ப்பக்கம் வில்லியனூர்க்காரரின் போர்டு நாலு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓரங்களில் பூ விரிந்தது, நடுவில் மயில் நடந்தது. அவர் நாற்காலி போட்டு அதன் கீழே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். விழாக்குழுத் தலைவர் எங்கள் பக்கம் வந்தார். கரும்பு போடுகிறவர், தடித்த கண்ணாடிக்காரர். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் அவருக்கு. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வில்லியனூர் வரை எல்லாக் கடைப் பெயரும் காதில் விழும்.

அக்கா சுவிட்சைப் போட்டாள்.

"வணக்கம்," என்று படித்தார் தலைவர். தலையாட்டினார்.

அடுத்த வரி வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"பணெ... பணெகள் வரிச. இன்னாம்மா இது, பணெகள்?"

பெண்கள் என்பதில் ப-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, ப-வைத் தாண்டிப் போய் ண்-ணுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. வரிசை என்பதில் ச தனியாக நின்றது. அதன் ஐகாரக் கொம்பு கடைசியில், பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி, யாருக்கும் சொந்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"வரிசன்னு கரெக்ட்டாத்தானே போட்டிருக்குது," என்றார் பின்னால் நின்ற ஒருவர். எங்கள் ஊர்ப் பேச்சை அப்படியே எழுத்தில் பார்த்த சந்தோஷம் அவருக்கு.

மேளம் வந்தது. மளேம் என்று வந்தது. உபயதாரர் பெயர்கள் வந்தன. அங்கேதான் கலவரம். பெயரில் கொம்பு இல்லாதவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். கொம்பு உள்ளவர்கள் ஒவ்வொருவராக எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தார்கள். ஊர் அதுவரை மேலத்தெரு, கீழத்தெரு என்றுதான் பிரிந்திருந்தது. அன்று புதிதாகக் கொம்புக்காரர், கொம்பில்லாதவர் என்று பிரிந்தது.

"யக்கா, எம்பேர்ல நடுவுல இன்னாத்தயோ காணோம்."

"வருதுண்ணே, பின்னாலயே வருது பாரு."

"பின்னால வர்றது எனக்கு எதுக்கு? எம்பேரு முன்னாலயே போய்ச் சேந்துடிச்சே."

அப்போதுதான் வாணவேடிக்கை என்ற வரி வந்தது. எங்கள் போர்டு நீளமானது இல்லை. ஒரு சமயத்தில் சில எழுத்துகள்தான் தெரியும். முதலில் 'வாண' வந்தது. பிறகு வ. பிறகு வ-வுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய இரட்டைக்கொம்பு ட-வின் முன்னால் வந்து நின்றது.

"வாண... வடே," என்று நிறுத்தினார் தலைவர். "வடயா?"

"இன்னாபா, வட போடறாங்களா?"

"வான வடயாம்."

"அது இன்னா வடபா, கேள்விப்பட்டதே இல்ல?"

"அம்மனுக்கு யாரோ வேண்டிக்கினு இருப்பாங்க. மேலருந்து போடுவாங்க."

"மெதுவடயா, பருப்பு வடயா?"

"மேலருந்து போட்டா பருப்பு வடதான். மெதுவட வுழுந்தா சப்பிப் பூடும்."

தெருவின் முனைக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து, ஆள் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. வீட்டுக்குள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு வாசலுக்கு வந்தார்கள். சிலர் வானத்தைப் பார்த்தார்கள்.

எதிர்ப்பக்கம் வில்லியனூர்க்காரர் காலைக் கீழே இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "கம்பெனி பஸ்ஸு கண்ணுக்கு தெரியிதுடி."

நானும் மாமாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனோம். தூக்கினோம் என்றால், போர்டுக்குப் போகும் நீள ஒயரைக் கழற்றாமல்தான். போர்டில் கடைசியாக ஏற்றிய வரிகள் தானாக ஓடிக்கொண்டே இருந்தன. மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தேன்.

"காலையில இன்னா பண்ணீங்க மாமா?"

"ஒண்ணும் பண்ணல. கூட்டிப் பெருக்கினேன்."

"எதப் பெருக்கினீங்க?"

"யாருக்கும் தேவையில்லாதத."

"யாரு சொன்னாங்க தேவையில்லன்னு?"

"ஆப்ட் சொல்லிச்சி."

நடந்தது இதுதான். கணினிக்குள் தமிழ் இருக்கும் வரிசை வேறு, நம் கண்ணுக்குத் தெரிய வேண்டிய வரிசை வேறு. 'வே' என்று தட்டினால் உள்ளே முதலில் வ, அதற்கப்புறம்தான் கொம்பு. அந்தக் கொம்பைத் தூக்கி முன்னால் நிறுத்தும் வேலைக்கு ஒரு நூலகம் உண்டு. அதை பிப் எனக்கு மூட்டையிலேயே கட்டிக் கொடுத்திருந்தது. ஆனால் அந்த நூலகம் இன்னொரு சின்ன நூலகத்தின் துணையில்லாமல் எழுந்து நிற்காது. அந்தச் சின்னதை மட்டும் பிப் கட்டித் தருவதில்லை. இயங்குதளத்தில் இருக்கும், எடுத்துக்கொள்வோம் என்று வந்துவிடுகிறது. எங்கள் பெட்டியில் அது இருந்ததும் உண்மைதான். வீடியோ பிளேயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மாமா பிளேயரை எடுத்ததும், இதை நம்பி யாருமில்லை என்று ஆப்ட் அதையும் வெளியே போட்டுவிட்டது. என் நிரல் அதை நம்பி இருப்பது ஆப்ட்டுக்குத் தெரியாது. அந்தத் தனி அறையின் கதவை அது திறந்தே பார்ப்பதில்லை.

இதில் வேடிக்கை, அந்தச் சின்ன நூலகத்துக்குத் தமிழே தெரியாது. அரபி போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக எழுதப்பட்டது அது. அரபிக்காரருடைய துணை போனதால் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் கொம்பு போயிற்று.

மாமாவிடம் சொன்னேன்.

"அதாம்மா அன்னிக்கே சொன்னேன். தனிக்குடித்தனம் போயிட்டா உன் பேரு எங்க ரேஷன் கார்டுல எப்பிடி இருக்கும்?"

"கார்டுல பேரு இல்லன்னா தண்ணி பைப்ப புடுங்கிடுவீங்களா?"

"யாரு புடுங்கனது? ஓரமா ஒரு பைப்பு சும்மா கெடந்துது, எடுத்தேன்."

"அது வழியாத்தான் எனக்குத் தண்ணி வந்துது."

"அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? மாமா, இந்தப் பைப்பு எனக்கு வேணும்னு ஆப்ட்ல எழுதி வெச்சிருக்கலாம்ல?"

அந்த நூலகம் எனக்குத் தேவை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அக்கா வந்தாள். கையில் மைக் இருந்தது. நல்லவேளை, அணைத்திருந்தாள்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க. வெளிய ஊரு எல போட்டு உக்காரப் போவுது. எங்க பூட்டுது அந்தக் கொம்பு?"

"ஆப்ட்ல இருக்குக்கா."

"அப்ப ஆப்டும். எடு."

எடுப்பதற்கு இணையம் வேண்டும். கோயிலுக்குப் பின்னால் சிக்னல் நிற்காது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மட்டும் கொஞ்சம் வரும், அதுவும் போனை உயர்த்திப் பிடித்தால். மாமா போனை நீட்டிக்கொண்டு தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினார். ஒரு கையால் ஏணி, ஒரு கையால் போன். அந்தப் பக்கம் வந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாபா, வட அங்கருந்துதான் போடுவீங்களா?"

"இல்லண்ணே, சிக்னலு."

"சிக்னல் குடுத்ததும் போடுவீங்களா?"

மாமா இன்னும் ஒரு படி ஏறினார். அந்த மனிதர் தொட்டிக்குக் கீழேயே ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டார்.

தெருவில் அக்காவின் குரல் மைக்கில் கேட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை இல்லை, உண்மையைச் சொல்லவும் துணிவு இல்லை. "வாணவேடிக்க சம்பந்தமான அறிவிப்பு சற்று நேரத்தில் வரும். யாரும் கலைய வேணாம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒருவரும் கலையவில்லை.

நான் கட்டளையைத் தட்டினேன். சூடோ, ஆப்ட், நூலகத்தின் பெயர். சின்னப் பொருள்தான். தேடியது, யோசித்தது, நின்றது.

"மாமா, இன்னும் கொஞ்சம் மேல."

"மேல தொட்டிதாம்மா இருக்குது."

வந்துவிட்டது. நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை வணக்கம் சொல்லிப் பார்க்கவில்லை. 'கொம்பு' என்று தட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பெட்டியோடு தெருவுக்கு வந்தபோது போர்டு மாறியிருந்தது. பெண்கள் பெண்களாக வந்தார்கள். வரிசைக்கு ஐகாரம் திரும்பியது. பெயரில் கொம்புள்ளவர்கள் தங்கள் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை நின்று படித்துவிட்டு, மன்னித்த முகத்தோடு நகர்ந்தார்கள். நான் மூச்சு விட்டேன். அப்போது வாணவேடிக்கை வந்தது. முழுசாக, சுத்தமாக, ஒவ்வோர் எழுத்தும் தன் இடத்தில்.

வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போர்டுக்குத் திரும்பினார்கள்.

"வடய எடுத்துட்டாங்கபா," என்றார் ஒருவர்.

"இப்பதானே இருந்துது?"

"குழுவுல யாரோ வேணாம்னு சொல்லியிருப்பாங்க."

"தலைவரே, இது நல்லா இல்ல. போடறன்னு எழுதிட்டு அழிக்கறது."

தலைவர் எழுந்து நின்று, தான் எதையும் எழுதவும் இல்லை அழிக்கவும் இல்லை என்றார். யாரும் நம்பவில்லை. எழுத்தில் பார்த்தோமே என்றார்கள். அவரே வாய்விட்டுப் படித்ததைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் திரும்பி மயிலைப் பார்த்தார். மயில் நடந்துகொண்டே இருந்தது. அதற்குக் கீழே வில்லியனூர்க்காரரைத் தவிர ஒருவரும் இல்லை. அவரும் இப்போது எங்கள் போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"வருசா வருசம் போர்டு வெக்கிறோம். ஒருத்தன் நின்னு படிச்சி பாத்ததில்ல. இன்னிக்கிதாம்மா ஊரே எழுத்துக் கூட்டி படிச்சிது."

"எழுத்து தப்பா இருந்துது. அதான் படிச்சாங்க," என்றாள் அக்கா.

எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. மாமா என் கையைப் பிடித்தார்.

"தப்பானா இன்னா, சரி பண்ணிட்டியே. அந்த ஆளு போர்டு போன வருசம் நின்னு பூட்டுது, விடிஞ்சிதான் எரிஞ்சிது," என்றார் தலைவர். "திருவிழா உன்னுதுதான். ஆனா வட கேக்கறாங்க. எழுதனது நீ. அதுக்கு ஒரு வழி பண்ணிடு."

"போட்டுட்டா போச்சி," என்றாள் அக்கா. திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். வடை யார் போடுவது என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது.

தீமிதி அன்று கோயிலுக்குப் பின்னால் நானும் மாமாவும் மாவு ஆட்டினோம். அதற்குள் எப்படிச் சண்டை வரும் என்று நினைப்பீர்கள். வந்தது. வில்லியனூர்ச் சந்தையில் நல்ல புதுப் பருப்பு, சோம்பு, மிளகாய் எல்லாம் ஒரே பையில் கட்டி வாங்கி வந்திருந்தேன். கோயில் சமையல்கட்டில் பருப்பு மூட்டை இருக்கும்போது வெளியிலிருந்து எதற்கு என்றார் மாமா. கோயில் பருப்பு போன வருஷத்தது என்றேன். பழகினது என்றார். கடைசியில் பாதி அது, பாதி இது என்று ஊறப்போட்டோம். மாமா கிரைண்டரைப் பார்த்துக்கொண்டார், நான் வெங்காயம் நறுக்கினேன். முதல் ஈடு பொன்னிறமாக, பார்க்கவே அழகாக வந்தது. அக்கா வந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"உப்பு யாரு போட்டது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். என் பையில் உப்பு இல்லை. அது கோயிலில் இருக்குமே என்று விட்டிருந்தேன். கோயில் உப்பை மாமா எடுக்கவில்லை. பையில் எல்லாம் வந்துவிட்டதே என்று நினைத்திருந்தார்.

"உங்க ரெண்டு பேரையும் ஒரு பொட்டியில போட்டு மூடுனாதான் எனக்கு நிம்மதி," என்று சொல்லிவிட்டு அவளே உப்பு எடுக்கப் போனாள்.

சாயந்திரம் கூட்டம் பெரிதாக வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் அக்காவிடம் தங்கள் ஊர்த் திருவிழா தேதியைச் சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். போர்டில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. யாரும் நின்று படிக்கவில்லை. பழைய பழக்கத்தில் தலைவர் மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதன் கீழே நின்றார்.

"இரவு வாணவேடிக்கை," என்று படித்தார். மறுபடியும் படித்தார். திரும்பி அக்காவைக் கேட்டார்: "இன்னாம்மா, எழுத்து மாறிக் கீது? வடயக் காணோமே? மறுபடியும் ரிப்பேரா?"

"அவுருக்கு சூடா ரெண்டு வட எடுத்தாந்து குடுடி," என்றாள் அக்கா.